பேசிப் பழகியவர் எடுத்த படம்: பெங்களூரில் ஒரு குடும்ப ஆவணப்படச் சேவை

என் தந்தைக்கு 2024 ஆகஸ்டில் எண்பது வயது நிறைந்தது. மண்டபம் பிடித்து விருந்து வைப்பதற்கு ஆகும் செலவில் அவருடைய வாழ்க்கையை ஓர் ஆவணப்படமாக எடுத்து வைக்கலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். கல்யாண வீடியோ எடுப்பவரையே கூப்பிட்டால் போதும் என்பது தம்பியின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டவர் அப்பாவைப் பேசவைக்கத் தெரிந்த ஒருவர். 1964இல், இருபது வயதில், கோலார் தங்கவயலில் டிம்பர்மேனாக, அதாவது சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பவராக, வேலைக்குச் சேர்ந்து, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும் வரை முப்பத்தேழு ஆண்டுகள் பூமிக்கடியில் இறங்கி ஏறியவர் அவர். அதன் பிறகு எங்களோடு அல்சூருக்கு வந்து இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியும், மைன்ஸைப் பற்றி அவர் எங்களிடம் முழுதாக எதையும் சொன்னதில்லை.

விசாரித்ததில் ஒரு நிறுவனம் கிடைத்தது. காக்ஸ் டவுனில் ஒரு சந்துக்குள், மாடியில் இரண்டு அறைகள். வேலை செய்பவர்கள் மூன்று பேர். ஒருவர் ஒளிப்பதிவாளர், ஒருவர் படத்தொகுப்பாளர், மூன்றாமவர் அதை நடத்தும் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் ஒரு காலத்தில் தமிழ்த் தொலைக்காட்சியில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்தவர். இந்த மதிப்பீட்டில் குறைகளும் வருகின்றன என்பதால், மூவரை மட்டுமே நம்பி நடக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. நேரில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

படத்தின் நிறை, குறை இரண்டுக்கும் வேர் அந்தத் தயாரிப்பாளர் கடந்து வந்த பாதையில் இருப்பதால், முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒன்றின் உள்ளூர் கேபிள் சேனலில், பிறந்த நாள் வாழ்த்துக்கு வந்த குழந்தைகளின் பெயர்களை வாசிப்பதில் தொடங்கியவர் அவர். சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியதைத் தொடர்ந்து தனியார் செயற்கைக்கோள் சேனல்கள் பெருகின. அப்படி வந்த ஒன்றில், நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பாட்டுக் கேட்கும் நேரலை நிகழ்ச்சி அவருக்குக் கிடைத்தது. "யார் பேசறீங்க, எங்கேருந்து பேசறீங்க, டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்ற மூன்று வாக்கியங்களைத் தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. அந்த வேலையின் சாரம் இடைவெளியை நிரப்புவது. அழைத்தவரின் இணைப்பு துண்டிக்கப்படலாம், பாட்டு தயாராகாமல் இருக்கலாம், அழைத்தவர் கூச்சத்தில் வாயடைத்துப் போகலாம். எது நடந்தாலும் திரையில் பேச்சு நிற்கக் கூடாது. மூன்று நொடி மௌனம் என்றால் காதில் மாட்டிய கருவியில் திட்டு விழும் என்று முதல் சந்திப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்து அதே சேனலில் காலை விருந்தினர் நிகழ்ச்சிக்கு மாறி ஏழு ஆண்டுகள் பேட்டி எடுத்திருக்கிறார். அந்த வேலையை விட்டதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. ஒரு நாள் வயதான கூத்துக் கலைஞர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். பேச்சு எப்படியோ திரும்பி, இறந்துபோன மகனைப் பற்றி அவர் வாய் திறந்த அந்த நொடியில், விளம்பரத்துக்குப் போகச் சொல்லிக் காதில் உத்தரவு வந்தது. இவரும் பழக்கத்தில் புன்னகைத்து, "சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடரலாம்" என்றார். இடைவேளை முடிந்து திரும்பியபோது பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி அடுத்த கேள்விக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாராம். "அவர் சொல்ல வந்தது இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

கணவரின் வேலை மாற்றத்தோடு பெங்களூருக்கு வந்தவர், பெரிய நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஓரிடத்தில் நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்து தொழிலின் மறுபக்கத்தைக் கற்றிருக்கிறார். தொகுப்பாளருக்கு எல்லாம் தயாராக வைக்கப்பட்ட பிறகுதான் ஒப்பனை அறையிலிருந்து அழைப்பு வரும். தயாரிப்பாளர் அந்த எல்லாவற்றையும் தயார் செய்பவர். பட்ஜெட், அனுமதிக் கடிதம், பேசியவரிடம் ஒப்புதல் கையெழுத்து, ஓட்டுநருக்கு மதியச் சாப்பாடு என அனைத்தும் அவர் தலையில்தான் விழும். இந்த மாற்றம் நாம் நினைப்பது போல எளிதானதன்று. இதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் பெரிய பெயர்கள்கூட, உற்றுப் பார்த்தால், எதிர்த் திசையில் நடந்தவர்களாக இருப்பார்கள். 1952இல் பிபிசியில் சேர்ந்த டேவிட் ஆட்டன்பரோ அங்கே தயாரிப்பாளராகவே இருந்தார். 1954இல் ஒரு தொடரை வழங்கிக்கொண்டிருந்த லண்டன் உயிரியல் பூங்காக்காரர் நோய்வாய்ப்பட்டதால்தான் அவர் கேமராவுக்கு முன்னால் வர நேர்ந்தது. பின்னாலிருந்து முன்னால் வருகிறவருக்குத் தொழில் முழுவதும் தெரியும். முன்னாலிருந்து பின்னால் போகிறவரோ தெரிந்த ஒன்றை முதலில் மறக்க வேண்டியிருக்கிறது.

இனி சேவைக்கு வருகிறேன். முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டுத் தயாரிப்பாளர் இரண்டு மணி நேரம் கேட்டார். நான் பேசினேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று நாள் படப்பிடிப்பு, ஏறத்தாழ அரை மணி நேரப் படம், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் துணை உரை, இரண்டு முறை திருத்தம் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 43,200 ரூபாய். முன்பணம் 40 சதவீதம், படப்பிடிப்பு முடிந்ததும் 40, இறுதிப் படத்தைப் பெறும்போது மீதி. குறைவான தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஒளிவாங்கி வாடகை வரை ஒவ்வொன்றும் தனி வரியாக இருந்தது. பிறகு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தவிர.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைக் கவனித்துப் படிக்க வேண்டியிருந்தது. மூலப் பதிவுகள் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை என்று அதில் இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன திரைப்படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்த 'வேறு விதமான ஒப்பந்தம்' என்பது, நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் இத்தகைய பத்திதான். வங்கியில் வேலை பார்ப்பதால் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படிக்கும் நோய் எனக்கு உண்டு. சுட்டிக்காட்டியதும், எங்கோ கிடைத்த மாதிரி ஒப்பந்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, மூலப் பதிவு முழுவதும் எங்களுக்கே என்று மாற்றிக் கொடுத்தார். அப்பா பேசிய ஏழு மணி நேரப் பதிவு இன்று எங்கள் அலமாரியில் இருக்கிறது. படத்தைவிட அதுதான் பெரிய சொத்து என்று சில நேரம் தோன்றுகிறது.

படப்பிடிப்பு ஏப்ரலில் நடந்தது. இரண்டு நாள் வீட்டில், ஒரு நாள் தங்கவயலில். சுமார் 100 கிலோமீட்டர்தான். தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறவர்கள் இன்றும் ஏராளம், கல்லூரி நாட்களில் நானும் அப்படி வந்தவள். சுரங்க நிலம் வேலிக்குள் இருக்கிறது. வேறொரு நிறுவனத்தில் விசாரித்தபோது, "ட்ரோன் விட்டா யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்லியிருந்தார்கள். இவர் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிட முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டு, பொதுச் சாலையில் நின்றபடியே தூரத்தில் தெரிந்த, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் இரும்புக் கோபுரத்தையும், சாம்பல் நிறத்தில் மலை போலக் குவிந்து கிடக்கும், தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகளையும் பிற்பகல் வெயில் சாயும் வரை காத்திருந்து எடுக்கச் செய்தார். அப்பா பழைய லைன் வீடுகளுக்கு முன்னால் நின்று, எந்தக் கதவு யாருடையது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்ல வேண்டியதை இடையில் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வீட்டுப் பேட்டியில் நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாள் காலையில் 'ஐயா' என்று அழைத்தவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'அப்பா' என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். என் அப்பாவும் அவரைப் 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பூமிக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் உண்டு. ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதை ஜன்னலில் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்காத டோக்கன் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். இதைச் சொன்ன அப்பா எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு டோக்கனைக் கொண்டுவந்தார். நான் அதைப் பார்த்ததே இல்லை. "இது எப்படிப்பா உங்ககிட்ட?" என்று தயாரிப்பாளர் கேட்டார். "கடைசி நாள் ஜன்னல்ல ஆள் இல்ல பாப்பா" என்றார் அப்பா. அதற்கு மேல் பேசவில்லை. கட்டைவிரல் மட்டும் அந்த எண்ணின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியில் மூன்று நொடி மௌனத்துக்குத் திட்டு வாங்கிய பெண்மணி அன்று இருபத்திரண்டு நொடிகள் வாயைத் திறக்கவில்லை, கேமராவும் அசையவில்லை. பிறகு அப்பாவே, "வாங்கிக்க ஆள் இல்லாததால இன்னும் உள்ளயேதான் இருக்கேன்னு கணக்கு" என்று சொல்லிச் சிரித்தார். இந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்த பணம் தகும்.

தகவல் சரிபார்ப்பிலும் குறை சொல்ல இடமில்லை. ஆசியாவிலேயே முதன்முதலில் கரண்ட் வந்தது தங்கவயலுக்குத்தான் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் மனப்பாடம், அப்பாவும் சொன்னார். தயாரிப்பாளர் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, டார்ஜிலிங்கில் 1897லேயே நீர்மின் நிலையம் வந்துவிட்டது என்று பணிவாகச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம், அன்று மாலை காபிகூடச் சரியாகக் குடிக்கவில்லை. கடைசியில் படத்தில் இடம்பெற்றது மறுக்க முடியாத செய்தி: சிவசமுத்திரத்திலிருந்து நெடுந்தூரம் கம்பி இழுத்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூரின் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905இல்தான். பெங்களூரை முந்தியதே போதும் என்று அப்பா சமாதானமானார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது, அதில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே போனால் மேலேயுள்ள பாறையே மற்றக் கதிர்களை வடிகட்டிவிடும் என்பதால் பம்பாயின் டாட்டா ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் ஜப்பானியரோடும் பிரிட்டிஷாரோடும் சேர்ந்து அங்கே கருவிகளை இறக்கி 1965இல் எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள் என்பதையும் தயாரிப்பாளர் தேடி எடுத்துச் சேர்த்திருந்தார். கேஜில் (சுரங்க லிப்டில்) தங்களோடு இறங்கிய 'பம்பாய்க்காரர்கள்' என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்பாவுக்கே அறுபது ஆண்டுகள் கழித்து அன்றுதான் விளங்கியது.

இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு அவர்கள் முதலில் காட்டிய படம் எங்களை ஏமாற்றியது. ஜூன் கடைசியில், அவர்கள் அலுவலகத்திலேயே பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். முப்பது நிமிடப் படத்தில் பதினொரு நிமிடம் தயாரிப்பாளரின் பின்னணிக் குரல். பழுதில்லாத உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், பழகிய இனிமை எல்லாம் இருந்தன. பழைய நேயராக இருந்தால் ரசித்திருப்பேன். ஆனால் அப்பா சொல்லி முடித்ததையே அந்தக் குரல் திரும்பவும் அழகுபடுத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. "அந்த இருண்ட சுரங்கத்தின் ஆழத்தில் ஒளிர்ந்தது தங்கம் மட்டுமல்ல, ஒரு தந்தையின் தியாகமும்தான்" என்ற வரி வந்தபோது அப்பா என் பக்கம் திரும்பி, "தியாகமா? சம்பளத்துக்குப் போனேன்" என்றார். அதைவிடக் கொடுமை, டோக்கன் காட்சி. இருபத்திரண்டு நொடி நான்கு நொடியாகியிருந்தது. அந்த நான்கு நொடியிலும் ஒரு புல்லாங்குழல். படப்பிடிப்பில் வாயை மூடிக்கொண்டிருந்த ஆவணப்படக்காரரைப் படத்தொகுப்பு மேசையில் பழைய தொகுப்பாளர் தோற்கடித்துவிட்டார்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் வாதாடவில்லை. சற்று முகம் வாடியது உண்மை. "வீட்ல பார்க்கிறவங்க எழுந்து போயிடுவாங்களோன்னு பயம் வந்துடுதுங்க" என்றார். எங்கள் வீட்டில் யாரும் ரிமோட்டோடு உட்காரப் போவதில்லை என்று தம்பி சொன்னான். இரண்டு வாரத்தில் திருத்திக் கொடுப்பதாகச் சொன்னவர் எடுத்துக்கொண்டது பத்து வாரத்துக்கும் மேல். ஆகஸ்டில் பிறந்த நாள் வந்தது, படம் வரவில்லை. ஆறு நிமிடத் துண்டு ஒன்றை வைத்து ஒப்பேற்றினோம். தங்கவயலிலிருந்து இதற்காகவே வேன் பிடித்து வந்திருந்த அப்பாவின் நண்பர்கள் ஐவருக்கு முழுப் படத்தைக் காட்ட முடியாமல் போனதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் அக்டோபரில் காலமாகிவிட்டார். தாமதத்துக்குக் காரணம் கேட்டு அனுப்பிய செய்திகளுக்கு ஒரு கட்டத்தில் பதிலே இல்லை. வேலை தெரிந்தவர்களாக இருந்தாலும், மூன்று பேர் ஒரே நேரத்தில் எத்தனை படங்களை ஒப்புக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே இல்லை.

செப்டம்பர் நடுவில் வந்த இறுதிப் படம் இருபத்தெட்டு நிமிடம். பின்னணிக் குரல் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஆண்டு, இடம், ஆழம் என அப்பாவால் சொல்ல முடியாதவற்றை மட்டும், ஏற்ற இறக்கம் இல்லாமல், கிட்டத்தட்ட வாசிப்பது போல அது சொல்கிறது. புல்லாங்குழல் போயிருந்தது. டோக்கன் காட்சியில் இருபத்திரண்டு நொடியும் முழுதாக இருக்கின்றன. மின்விசிறிச் சத்தம் கேட்கிறது, நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது. அதையும் அவர் அழிக்கவில்லை.

சில்லறைக் குறைகள் இரண்டு. ஆங்கிலத் துணை உரையில் டிம்பர்மேன் என்பது தச்சர் என்ற பொருளில் மாறியிருந்தது. சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பவருக்கும் தச்சருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கித் திருத்தவைத்தோம். ஓடும் காரில் எடுத்த பகுதியில் அப்பாவின் குரல் இன்னும் தெளிவில்லாமல்தான் இருக்கிறது. கன்னடத் துணை உரையைப் படித்த மருமகள் குறை ஒன்றும் சொல்லவில்லை.

தேதிக்குக் கட்டுப்பட்ட விழாவுக்காகப் படம் வேண்டும் என்றால் இவர்களிடம் போக வேண்டாம், அல்லது விழாவுக்கு எட்டு மாதம் முன்பே போங்கள். வீட்டுப் பெரியவர் பேசவே மாட்டார் என்பதுதான் உங்கள் கவலையானால், பெங்களூரில் தமிழில் கேட்கத் தெரிந்த வேறொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. பெமல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா, அண்ணனுக்கு மட்டும்தான் படமா என்று கேட்கத் தொடங்கியிருப்பதால், அடுத்த மாதம் மறுபடியும் காக்ஸ் டவுன் மாடிப்படி ஏறப் போகிறோம். பின்னணிக் குரல் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, முதல் பிரதியைக் காட்ட வேண்டிய தேதி இது என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். முதல் வரியை அவரே எழுதி அனுப்பிவிட்டார். இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை.